வெந்நீர் ஊற்றியவர் மனைவி. காலைச் சுட்டது சர்க்கரை!

போலீசாரைத் திகைக்க வைத்த தீக்காய கேஸ்

(நமது நிருபர்)

சென்னை–

"சுடுதண்ணியிலே இருபது நிமிஷம் காலை வச்சிருந்தாராம். தோல் வெந்து போச்சாம். ஆனா ஒரு சத்தம் கூடப் போடலியாம். இதை நான் நம்பணுமா சார்?"

ஆஸ்பத்திரி போலீஸ் அவுட்போஸ்டில் இருந்த ஏட்டு இப்படிக் கேட்டார். நிருபருக்கும் அதே சந்தேகம்தான்.

தீக்காயம் என்று யாராவது வந்து சேர்ந்தால் ஆஸ்பத்திரியில் இருந்து போலீசுக்குத் தகவல் போவது வழக்கம். குடும்பச் சண்டையா, கடன் தகராறா, யாராவது வேண்டுமென்றே செய்தார்களா என்று விசாரிப்பார்கள்.

இந்த கேசில் படுக்கையில் கிடந்தவர் மண்ணடியில் சின்னதாக இரும்புக் கடை வைத்திருப்பவர். வயது 54. இரண்டு பாதமும் கணுக்கால் வரை வெந்திருந்தது. வெந்நீரை வைத்ததும் ஊற்றியதும் அவருடைய மனைவி.

வார்டு வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு நின்றிருந்தார் அந்த அம்மாள்.

"ஏம்மா, வீட்டுல ஏதாவது சண்டையா? உண்மையைச் சொல்லு" என்றார் ஏட்டு.

அந்த அம்மாளுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

உள்ளே இருந்து கணவரின் குரல் வந்தது: "ஐயா, அவளை ஒண்ணும் கேக்காதீங்க. சூடு பத்தலை, இன்னும் ஊத்துன்னு சொன்னவனே நான்தான்!"

நடந்தது என்ன?

கடைக்காரருக்கு 12 வருடமாக சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுகிறார். சில நாள் சாப்பிட மறந்தும் விடுவார். காலை 9 மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு 9 மணி வரை நின்றபடியேதான் வியாபாரம்.

இரண்டு வருடமாகவே பாதத்தில் ஒரு மாதிரி. பஞ்சு மேல் நடப்பது போல இருக்குமாம். சில ராத்திரி எரிச்சல், சில ராத்திரி ஊசி குத்துவது போல. சில நாள் கால் ஜில்லிட்டுப் போனது போல் தோன்றும்.

கடைக்கு வந்த ஒருவர், "வெந்நீர்ல உப்புப் போட்டு அரை மணி நேரம் காலை வைங்க. எல்லாம் சரியாப் போயிடும்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று இரவு மனைவி தண்ணீரைக் காய்ச்சி, பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விளாவி, கையை விட்டும் பார்த்தார். கை பொறுக்கும் சூடுதான்.

கணவர் காலை வைத்தார். "என்னடி, சூடே இல்லியே?" என்றார். அம்மாள் ஒரு செம்பு வெந்நீர் ஊற்றினார். "இன்னும் கொஞ்சம்" என்றார் அவர். மறுபடி ஒரு செம்பு. பிறகு இன்னொன்று. அவர் மடியில் கடைக் கணக்கு நோட்டை வைத்துக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்து டப்பை எடுக்க வந்த மனைவி தண்ணீரில் விரலை விட்டார். "ஐயோ!" என்று கையை உதறினார். கணவர் காலை வெளியே எடுத்தபோது பாதம் இரண்டும் சிவந்திருந்தன.

"எனக்கே வலிக்கலை. நீ எதுக்குக் கத்துறே?" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார் கடைக்காரர்.

காலையில் எழுந்து பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளங்கள். அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு வந்தாரா? இல்லை. "வலியே இல்லியே" என்று மஞ்சள் தூளை அப்பிக் கொண்டு, செருப்பை மாட்டிக் கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடையில் நடந்து நடந்து கொப்புளங்கள் உடைந்தன. மூன்றாம் நாள் காய்ச்சல். காலில் இருந்து கெட்ட வாடை. அதற்குப் பிறகுதான் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள்.

டாக்டர் காட்டிய சோதனை

"இதெல்லாம் கதை மாதிரி இருக்கே டாக்டர்" என்றார் ஏட்டு.

டூட்டி டாக்டர் சிரிக்கவில்லை. மேஜையில் இருந்து பேனா போன்ற ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் ஒரு நைலான் இழை. 10 கிராம் அளவு அழுத்தம் பட்டதும் அந்த இழை வளைந்து விடும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

நோயாளியின் கையில் முதலில் தொட்டுக் காட்டினார். பிறகு, "கண்ணை மூடிக்குங்க. காலில் தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க" என்றார்.

காயம் படாத இடமாகப் பார்த்து ஒரு விரலில் தொட்டார். பதில் இல்லை. இன்னொரு விரலில் தொட்டார். பதில் இல்லை. இரண்டு காலிலும் தொட்டாகிவிட்டது.

கண்ணை மூடியபடியே கடைக்காரர் கேட்டார்: "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

ஏட்டு நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டார். கேஸ் விபத்து என்று முடிந்தது.

காவலாளி போன வீடு

வலி என்றால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் உடம்புக்குக் காவலாளி அதுதான். சூட்டில் கால் பட்டதும் நாம் யோசிப்பதற்கு முன்பே காலை இழுத்துக் கொள்ள வைப்பது வலிதான். காவலாளி இல்லாத வீட்டில் திருடன் நிதானமாக உட்கார்ந்து பூட்டை அறுப்பான். வலி இல்லாத காலில் சூடும் அப்படித்தான் வேலை செய்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை பல வருடம் ஏறியே இருந்தால் நரம்புகள் கெடுகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்புகள் முதுகுத் தண்டில் இருந்து கால் விரல் நுனி வரை போகின்றன. கெடுவதும் அவைதான் முதலில். அதனால்தான் மரத்துப் போவது விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறுகிறது.

இதில் ஒரு மோசடி உண்டு. உணர்ச்சி போன அதே காலில் எரிச்சலும் குத்தலும் இருக்கும். "எரியுதே, அப்ப நரம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று ஆள் ஏமாந்து போவார். உண்மையில் அந்த எரிச்சல், கெட்டுப் போகும் நரம்பு போடும் பொய்க் கூச்சல். கால் ஜில்லிட்டது போலத் தோன்றுவதும் பல பேருக்கு அப்படித்தான். அதை நம்பி ஒத்தடம் கொடுக்கப் போய்த்தான் கால் வேகிறது.

அது மட்டும் இல்லை. சர்க்கரை வியாதியில் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் சுருங்கலாம். ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் புண் ஆறாது. சர்க்கரை ஏறி இருந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கண்பார்வையும் மங்கி இருந்தால் பாதத்தில் புண் இருப்பதே தெரியாது. சாதாரண ஆளுக்கு இரண்டு வாரத்தில் ஆறும் காயம், இவர்களுக்கு விரலையோ காலையோ எடுக்கும் அளவுக்குப் போவது இதனால்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். எல்லோருக்கும் கால் மரத்துப் போகவில்லை. ஆனால் மரத்துப் போனது தெரியாமலே நடமாடுகிறவர்கள் நம் தெருவிலும், பஸ்சில் நம் பக்கத்து சீட்டிலும் இருக்கிறார்கள்.

கொதிக்க வேண்டியதே இல்லை

"நான் கொதிக்கக் கொதிக்க ஊத்தலீங்களே" என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். அது உண்மைதான். தோல் வேக, தண்ணீர் கொதிக்க வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1947-ல் இதற்குக் கணக்கே எடுத்து வெளியிட்டார்கள். 60 டிகிரி சூடு என்றால் சுமார் 5 வினாடியில் தோல் வெந்து விடும். 49 டிகிரி என்றால் பத்து நிமிடத்துக்குள். வெறும் 44 டிகிரி சூடு கூட, ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோலைக் கெடுத்து விடும்.

அதாவது, சூடு மட்டும் அல்ல. நேரமும் சேர்ந்துதான் சுடுகிறது. மற்றவர்கள் 49 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைக்க மாட்டார்கள். சுரீர் என்றதும் எடுத்து விடுவார்கள். கால் மரத்தவர் எடுக்க மாட்டார்.

வேலூரில் கிடைத்த துப்பு

வலி இல்லாமல் போவதுதான் ஆபத்து என்ற துப்பு கிடைத்த இடங்களில் ஒன்று நம் வேலூர்.

1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளுக்குக் கையிலும் காலிலும் ஆபரேஷன் செய்தவர். அந்த நோயில் விரல்கள் தானாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். கூர்ந்து பார்த்தபோது, உணர்ச்சி இல்லாத கை கால்களில் தெரியாமல் பட்ட காயமும் சூடும்தான் விரல்களைத் தின்றன என்பது புரிந்தது. ராத்திரியில் எலி கடித்தது கூடத் தெரியாமல் தூங்கியவர்கள் உண்டு. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்!

வேலூரை அடுத்த கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் இந்த வேலை தொடர்ந்தது. மரத்துப் போன காலுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு பழக்கத்துக்கு வந்தது இந்த வட்டாரத்தில்தான். பிராண்ட் 1966-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊருக்குப் போனார். அங்கே சர்க்கரை நோயாளிகளின் காலிலும் அதே கதை நடப்பதைக் கண்டார். நோய் வேறு, வலி போன பிறகு கால் படும் பாடு ஒன்று. எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் இன்றைக்கு சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுப்பது அந்த ரப்பரில் செய்த செருப்பைத்தான்.

நகரில் சூடு எங்கெல்லாம்?

வெந்நீர் டப் மட்டும் குற்றவாளி அல்ல. நம் ஊரில் காலைச் சுடக் கூடிய இடங்களைப் பாருங்கள்:

கோவில் பிராகாரம்: உச்சி வெயிலில் கருங்கல் தளம் கொதிக்கும். மற்றவர்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். கால் மரத்தவர் நிதானமாக மூன்று சுற்று சுற்றுவார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். காலையிலோ சாயங்காலம் வெயில் தாழ்ந்தோ போகலாம். தண்ணீர் தெளித்த தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தால் அதன் மேலேயே நடக்கலாம். நேர்த்திக் கடன் இருந்தாலும் கால் மரத்தவருக்குத் தீமிதி வேண்டவே வேண்டாம்.

தார் ரோடு: சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ந் தேதி 45 டிகிரி வெயில் பதிவானது. காற்று 40 டிகிரி இருந்தாலே, வெயிலில் காயும் தார் ரோடு 60 டிகிரியைத் தாண்டி விடும். எதிர்க் கடையில் டீ வாங்கிவர செருப்பில்லாமல் ரோட்டைக் கடப்பவர்கள் கவனிக்கவும்.

வண்டி எஞ்சின்: லாரி, வேன் கேபினில் எஞ்சின் மூடி மேல் காலை வைத்துக் கொண்டு தூங்குவது வழக்கம். ஒரு ராத்திரி பயணம் போதும். மோட்டார் சைக்கிள் சைலன்சர் நூறு டிகிரியைத் தாண்டும். கெண்டைக்காலில் பட்டதைக் கால் மரத்தவர் வீட்டுக்கு வந்துதான் பார்ப்பார்.

மணல்: மத்தியான வேளையில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

வீடு: ரப்பர் பையில் வெந்நீர், சுட்ட செங்கல் ஒத்தடம், கரண்டில் சூடேறும் பட்டை, சூடான தவிட்டு மூட்டை, காலுக்குப் பக்கத்தில் கணப்பு. இவை எல்லாமே கால் மரத்தவருக்கு எதிரிதான். "சூடு தெரியலை, இன்னும் கொஞ்சம்" என்று அவர் சொன்னால், அதைக் கேட்டு சூட்டைக் கூட்டாதீர்கள். சூடு தெரியவில்லை என்பதுதான் ஆபத்து மணி.

குளிக்கிற தண்ணீரைக் காலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. முழங்கையால் பார்க்க வேண்டும். சர்க்கரை இல்லாத வேறு ஒருவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. காலை ஊற வைக்கிற வேலையே வேண்டாம். கழுவித் துடைத்தால் போதும். விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும்.

சுட்டு விட்டால்?

வலித்தாலும் வலிக்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்:

1. உடனே குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டுங்கள். 20 நிமிடம் ஓடட்டும். ஐஸ் வைக்கக் கூடாது.

2. பெண்கள் மெட்டியைக் கழற்றி விட வேண்டும். வீங்கிய பிறகு கழற்ற வராது. விரலை இறுக்கி விடும்.

3. இங்கி, பற்பசை, மஞ்சள், நெய், மாவு எதையும் பூசாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

4. சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். அந்தக் காலை ஊன்றி நடக்காதீர்கள்.

5. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். சர்க்கரை இருப்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

உள்ளங்கால் தோல் தடிமனானது. மேலே பார்த்தால் கொஞ்சம் சிவப்பு, ஒரு கொப்புளம், அவ்வளவுதான் தெரியும். உள்ளே எவ்வளவு ஆழம் வெந்திருக்கிறது என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

ஏட்டுக்கும் சோதனை

கேஸ் முடிந்த பிறகும் ஏட்டு கிளம்பவில்லை. தயங்கித் தயங்கி டாக்டரிடம், "எனக்கும் ஆறு வருஷமா சுகர் இருக்கு. கொஞ்சம் பாக்கிறீங்களா?" என்றார். பூட்சையும் சாக்சையும் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

டாக்டர் இந்த முறை நைலான் இழையை எடுக்கவில்லை. "வீட்டுலயே பண்ணக் கூடியது ஒண்ணு காட்டுறேன்" என்று விரல் நுனியை நீட்டினார்.

சோதனை இதுதான். சர்க்கரை உள்ளவர் கண்ணை மூடிக் கொள்ள வேண்டும். வீட்டில் இன்னொருவர், அவருடைய கால் கட்டை விரல், நடுவிரல், சுண்டு விரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தம் விரலால் லேசாகத் தொட வேண்டும். இறகு படுவது போலத்தான் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. ஒன்றிரண்டு வினாடி போதும். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு விரல். தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ, அதற்கு மேலோ தெரியாமல் போனால் கால் மரத்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் தொடங்கிய இந்தச் சோதனைக்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

ஏட்டு நான்கு முறை சரியாகச் சொன்னார். இரண்டு சுண்டு விரலிலும் தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு பூட்சை மாட்டுவதற்கு முன்னால், அதைக் கவிழ்த்து ஒரு தட்டு தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுக் கொண்டார். டாக்டர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அது.

ஐந்து வாரம், இரண்டு விரல்

இரும்புக் கடைக்காரர் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. கால் தப்பியது. ஐந்து வாரமும் கடை பூட்டியே கிடந்தது.

இப்போது கடையைத் திறந்துவிட்டார். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். காலில் எம்.சி.ஆர். செருப்பு. வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றுவதில்லை. மாத்திரை நேரம் தவறுவதில்லை.

"போலீஸ் வந்து கேட்டது கூட எனக்குப் பெரிசாத் தெரியலீங்க" என்றார் அவர் மனைவி. "கால் வலிக்குதுன்னு சொன்னாரு. நல்லதுன்னு நினைச்சுத்தான் ஊத்தினேன். யாராச்சும் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

இப்போது தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவரின் காலைத் தம் மடியில் வைத்துக் கொண்டு, டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்க்கிறார். இரண்டு நிமிடம் ஆகிறதாம்.

வாசகர்களே, உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் யாராவது இருந்தால் இன்று ராத்திரி அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள். ஆறு விரலைத் தொட்டுப் பாருங்கள். "எனக்கு வலியே இல்லை" என்று அவர் சொன்னால் அதோடு விட்டு விடாதீர்கள். காலைத் தூக்கிப் பாருங்கள்!